எல்லாம் எரிந்து போயிற்று என்று சொல்வார்கள், அப்படியே நம்பிவிடாதீர்கள்

‘1922-ல் எல்லாம் எரிந்து போயிற்று.’ அயர்லாந்துக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேட உட்கார்ந்த முதல் வாரத்திலேயே எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பணம் வாங்கிக்கொண்டு தேடித் தருகிறேன் என்று வந்தவரும் கடைசியில் இதையே சொல்லிக் கைவிரித்தார். என் வீட்டுக்காரரின் அம்மா வழிக் குடும்பம் லெய்ட்ரிம் கவுண்டியை (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்தது. 1916 முதல் 1923 வரை, பிரிட்டனுக்கு எதிரான எழுச்சி, விடுதலைப் போர், பிறகு உள்நாட்டுப் போர் என்று அந்த நாடு பட்ட பாட்டில் அவர்களில் யார் எங்கே இருந்தார்கள், யார் பக்கம் நின்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பதினான்கு மாதமும் ஏறத்தாழ 650 யூரோவும் போயின. அதில் பாதிக்கு மேல் வீண். எதை எங்கே தேடுவது என்று முதலிலேயே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். ராத்திரி ஒரு மணிக்குத் திரையைப் பார்த்தபடி அழுத நாளும் உண்டு. அந்த நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், எரிந்தது எது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். டப்ளின் நகரில் லிஃபி ஆற்றங்கரையில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகம் இருக்கிறது. அங்கேதான் அரசு ஆவணக் காப்பகம் இருந்தது. பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை எதிர்த்தவர்கள் 1922 ஏப்ரலில் அந்த வளாகத்தைப் பிடித்துவைத்திருந்தார்கள். ஜூன் 28 அன்று புதிய அரசின் படை பீரங்கியால் சுட ஆரம்பித்தது. 30-ம் தேதி பெரும் வெடிப்பு, தீ. கருகிய காகிதத் துண்டுகள் காற்றில் நகரமெங்கும் பறந்தன. அதில் போனவை: 1821, 1831, 1841, 1851 ஆண்டுகளின் சென்சஸ் படிவங்கள் (சில துணுக்குகள் தவிர), மூல உயில்களில் பெரும்பகுதி, நீதிமன்றக் கோப்புகள், அயர்லாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் பங்குகளின் (ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்தான் பங்கு) பதிவேடுகளில் பாதிக்கு மேல். போகாதவைதான் முக்கியம். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகம் வேறு இடத்தில் இருந்ததால் அதுவும் தப்பியது. உயில்கள் போனாலும் 1858 முதலான உயில் பட்டியல்கள் இருக்கின்றன. யார், எந்த ஊர், எப்போது இறந்தார், சொத்தை நிர்வகிக்க யார் வந்தார் என்பதை அந்தப் பட்டியலே நான்கு வரியில் சொல்லிவிடும். 1861, 1871 சென்சஸ் எரிந்தது என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. அவற்றை அரசே எடுத்த கொஞ்ச காலத்தில் அழித்துவிட்டது. 1881-ம் 1891-ம் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகப் போயின. டப்ளினில் கஸ்டம் ஹவுஸ் என்ற இன்னொரு அரசுக் கட்டடத்தில் பிடித்த தீ வேறு, அது 1921 மே 25. அதில் எரிந்தது ஏழைகள் நிவாரணத்தைக் கவனித்த உள்ளாட்சி வாரியத்தின் காகிதங்கள். இந்த இரண்டு தீயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் ஏழைகள் நிவாரணக் காகிதங்களையும் பிறப்புப் பதிவையும் ஒரே மூச்சில் ‘போயிற்று’ என்று எழுதிவிட்டு நான் பல வாரம் சும்மா இருந்தேன். எரிந்தவற்றுக்குப் பிற காப்பகங்களில் கிடைக்கும் நகல்களைத் திரட்டி, 2022-ல் ‘விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி’ என்ற இணையக் காப்பகம் திறந்திருக்கிறார்கள். இலவசம்தான். ஆனால் அது பழைய நூற்றாண்டுகளுக்கே அதிகம் உதவும். அதில் தொடங்காதீர்கள்.

தொடங்க வேண்டியது 1901, 1911 சென்சஸில். இரண்டும் முழுசாக இருக்கின்றன, தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெயர் வந்ததும் வீட்டில் இருந்தவர்களைப் பட்டியலிடும் ‘படிவம் ஏ’ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதோடு கூட இருக்கும் ‘பி1’, ‘பி2’ படிவங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். பி1-ல் அந்த டவுன்லேண்டின், அதாவது முகவரியில் வரும் மிகச் சிறிய ஊர்ப் பிரிவின், வீடுகள் எல்லாம் வரிசையாக இருக்கும்: சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா கூரைப்புல்லா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல், நிலம் யார் பெயரில். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கூட்டி வீட்டை நான்கு தரமாகப் பிரித்திருப்பார்கள். பி2-ல் மாட்டுத்தொழுவம், பன்றிக்கொட்டில் கணக்கு. அக்கம்பக்கத்துப் பெயர்களையும் எழுதி வையுங்கள். திருமணச் சாட்சிகளும் ஞானப் பெற்றோர்களும் பெரும்பாலும் அந்தப் பத்து வீட்டுக்குள்ளிருந்துதான் வருவார்கள்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 1901-ல் 56 என்று இருந்த கொள்ளுப்பாட்டி 1911-ல் 71 ஆகியிருப்பார். காரணம் இருக்கிறது. 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது, எழுபது வயது ஆகியிருக்க வேண்டும். அப்போது எழுபதானவர்கள் யாருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஏனென்றால் பிறப்புப் பதிவே 1864 ஜனவரி 1-ல்தான் தொடங்கியது. அதனால் 1841, 1851 சென்சஸ் படிவங்களில் இவர்கள் பெயரைத் தேடித் தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தப் படிவங்கள் 1922-ல் எரிந்துவிட்டன, ஆனால் தேடுவதற்குக் கொடுத்த விண்ணப்பச் சீட்டுகள் பிழைத்திருக்கின்றன! அப்பா பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், டவுன்லேண்ட், அன்று குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள் என்று அதிகாரி எழுதிய பதில், எல்லாம் ஒரே சீட்டில். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் ‘சென்சஸ் சர்ச் ஃபார்ம்ஸ்’ என்று தனியாக இருக்கிறது. எரிந்த சென்சஸின் ஒரு துளி இப்படித்தான் என் கைக்கு வந்தது. அன்று மனசு நிறைந்துவிட்டது.

1921-ல் போர் நடந்ததால் சென்சஸே எடுக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18. அதற்குச் சட்டப்படி நூறு ஆண்டுப் பூட்டு, 2026 ஏப்ரலோடு அந்தக் காலம் முடிகிறது. வட அயர்லாந்து 1926-ல் தனியாக எடுத்த படிவங்கள் மிஞ்சவில்லை. ஆகவே 1911-க்கும் 1926-க்கும் நடுவில் பதினைந்து ஆண்டுப் பள்ளம். புரட்சி முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது.

பள்ளத்தைத் தாண்ட முதல் பலகை பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. நான் பணத்தைத் தொலைத்தது இங்கேதான். சான்றளித்த நகல் ஒன்றுக்கு 20 யூரோ வீதம் பதினொன்று வாங்கினேன், 220 யூரோ. அதே பதிவேட்டுப் பக்கத்தின் படம் அரசின் ‘ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ’ தளத்தில் இலவசமாக இருக்கிறது. பிறப்பு நூறு ஆண்டும், திருமணம் எழுபத்தைந்து ஆண்டும், இறப்பு ஐம்பது ஆண்டும் கடந்திருந்தால் போதும். குடியுரிமை விண்ணப்பம் மாதிரி ஏதாவது சட்டத் தேவைக்கு மட்டும் சான்றளித்த நகல் வாங்குங்கள். அந்தப் பதினொன்றில் நான்கு இறப்புச் சான்றிதழ். பெற்றோர் பெயர் கிடைக்கும் என்று நம்பி வாங்கினேன். அந்தக் கால அயர்லாந்து இறப்புப் பதிவில் பெற்றோர் பெயருக்குக் கட்டமே கிடையாது. திருமணப் பதிவில் இரு தந்தையர் பெயரும் உண்டு, தாயார் பெயர் இல்லை. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வேண்டுமென்றால் பிறப்புப் பதிவுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு பதிவை அருகில் வைத்துப் பாருங்கள். பங்குப் பதிவேட்டில் குழந்தைக்கு மார்ச் 3-ல் ஞானஸ்நானம். அரசுப் பதிவேட்டிலோ அதே குழந்தை மார்ச் 19-ல் பிறந்ததாக இருக்கிறது. பிறக்கும் முன்பே ஞானஸ்நானமா? வேறு குழந்தை என்று நினைத்து அதை ஒதுக்கி வைத்தேன், மூன்று வாரம் போனது. நடந்தது இதுதான்: கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம் கட்ட வேண்டும், அதனால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வது ஊர் வழக்கம். ஞானஸ்நானத் தேதியை நம்புங்கள். ‘தகவல் தந்தவர்’ என்ற கட்டத்தையும் விடாதீர்கள். கைரேகைக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ‘இவரது குறி’ என்று எழுத்தர் எழுதியிருப்பார். அந்தப் பெயர் பெரும்பாலும் பாட்டியோ அத்தையோதான்.

ஊர்ப் பெயர் விஷயம் தனிக் கதை. முகவரியின் கடைசி அலகு டவுன்லேண்ட். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நம் பக்கம் பட்டி, பாளையம், குளம் என்று முடிகிற மாதிரி அங்கே ‘பாலி’, ‘கில்’, ‘நாக்’, ‘ட்ரம்’ என்று ஆரம்பிக்கும்: ஊர், கோயில், குன்று, மேட்டுவரம்பு. லெய்ட்ரிமில் ‘ட்ரம்’ என்று தொடங்குபவை அவ்வளவு இருக்கின்றன, ஒரே பெயரில் இரண்டு மூன்றும் உண்டு. டவுன்லேண்ட், சிவில் பங்கு (அரசுக் கணக்கில் உள்ள பங்கு), கத்தோலிக்கப் பங்கு, பதிவு மாவட்டம் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான்கின் எல்லையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ‘லோகெய்ன்ம்’ என்ற அரசுத் தளத்தில் ஐரிஷ் வடிவமும் ஆங்கில வடிவமும் இருக்கிறது. ஆட்சி மாறியபோது பெயர்களும் மாறின. கிங்ஸ் கவுண்டிதான் இன்றைய ஆஃபலி, குவீன்ஸ் கவுண்டி லீஷ், கிங்ஸ்டவுன் டன் லேரி, குவீன்ஸ்டவுன் கோவ், டப்ளினின் சாக்வில் தெரு ஓ’கானல் தெரு. 1916 கடிதத்தில் இருக்கும் முகவரி இன்றைய வரைபடத்தில் இல்லையே என்று திகைக்க வேண்டாம்.

ஆட்களின் பெயரும் அப்படியே. முன்னால் இருந்த ‘ஓ’, ‘மக்’ உதிர்ந்து, ஐரிஷ் மொழி இயக்கம் வந்தபின் திரும்ப ஒட்டிக்கொண்டன. 1901-ல் ஸ்மித் என்று இருந்தவர் 1911-ல் ஐரிஷிலேயே ‘மக் கவன்’ என்று எழுதிக்கொடுத்திருக்கலாம். வால்ஷ் ‘ப்ரானக்’ ஆவார். டீலியா, பிடி, பிரைடி எல்லாம் பிரிஜிட்தான். பங்குப் பதிவேட்டில் லத்தீன் வேறு: யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். தேசிய நூலகம் இந்தப் பங்குப் பதிவேடுகளைச் சுமார் 1880 வரை படமாக இலவசமாகப் போட்டிருக்கிறது. ஓரத்தைக் கவனியுங்கள். 1908-க்குப் பிறகு, ஒருவர் எங்கே மணம் முடித்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிப்பு வரும், சாமியார் அதைப் பழைய பதிவின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்து வைப்பார். காணாமல் போன ஒரு பெரியம்மாவை நியூயார்க்கில் கண்டுபிடித்தது அப்படி ஓர் ஓரக்குறிப்பில்தான்.

இனி புரட்சிக்கு வருகிறேன். ஆட்சி கவிழ்கிற காலத்தில் காகிதம் அழியும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அதே காலம் காகிதத்தை உண்டாக்கவும் செய்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. சுட்டவனுக்கும், சுடப்பட்டவனுக்கும், ஜன்னல் உடைந்தவனுக்கும் பின்னாளில் ஓய்வூதியமோ நஷ்ட ஈடோ வேண்டியிருந்தது. அதற்காக எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள்.

குடும்பத்தின் மூத்தவர் 1901-லும் 1911-லும் அகப்படவே இல்லை. இறந்துவிட்டார் என்றே எழுதி வைத்திருந்தேன். அவர் ஆர்ஐசி என்ற அயர்லாந்து அரச காவல் படையில் இருந்திருக்கிறார். காவலர்களைச் சென்சஸில் முகாம் வாரியாக ‘படிவம் எச்’-ல் வெறும் முதலெழுத்துகளாகத்தான் எழுதுவார்கள். நம் ஊர் இனிஷியல் மாதிரி இல்லை, சொந்தப் பெயரும் சேர்ந்து இரண்டுமே ஒற்றை எழுத்து. வயதும் பிறந்த கவுண்டியும் மட்டுமே துணை. சொந்தக் கவுண்டியிலும் மனைவியின் கவுண்டியிலும் வேலை போட மாட்டார்கள், ஆகவே அவரை ஊரில் தேடியதே தப்பு. காவலர் பணிப்பதிவு லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசியக் காப்பகத்தில் ‘எச்ஓ 184’ என்ற வரிசையில் இருக்கிறது. ஆளின் உயரம், மதம், பணியிடங்கள், விலகிய தேதி இருக்கும். பெற்றோர் பெயர் இருக்காது, மனைவி பெயரும் இருக்காது. ஆனால் திருமணத் தேதியும் மனைவியின் கவுண்டியும் இருக்கும். அந்தத் தேதியைக் கொண்டு திருமணப் பதிவுக்குப் போங்கள், பெயர் வந்துவிடும். 1920 கோடையில் நிறையப் பேர் வேலையை விட்டார்கள், நம்மவரும் விட்டார். நாட்டுப் பற்றினால் விலகியவர்கள் என்று சுதந்திர அரசு 1923 சட்டத்தின் கீழ் சிலருக்கு ஓய்வூதியமும் கொடுத்தது. 1920 ஜனவரி முதல் பிரிட்டனில் ஆளெடுத்து இந்தப் படையில் சேர்த்த ‘பிளாக் அண்ட் டான்’ ஆட்களும் இதே பதிவேட்டில்தான் வருகிறார்கள். ஆர்ஐசி என்று கண்டவுடன் முடிவு கட்டாதீர்கள், சேர்ந்த தேதியைப் பாருங்கள்.

இளையவர் ஐஆர்ஏவில், அதாவது பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட ஐரிஷ் குடியரசுப் படையில். இதற்கு டப்ளின் ரத்மைன்ஸில் உள்ள ராணுவக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகள், அதுவும் இணையத்தில் இலவசம். கோப்பு எண்ணையே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ‘24எஸ்பி’ என்று தொடங்கினால் 1924 சட்டம், புதிய அரசின் படையில் சேர்ந்தவர்களுக்கானது. ‘எம்எஸ்பி34’ என்றால் 1934 சட்டம், உடன்படிக்கையை எதிர்த்தவர்களுக்கும் குமன் ந மன் என்ற பெண்கள் அமைப்புக்கும் அப்போதுதான் கதவு திறந்தது. உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் என்று வீட்டில் யாருமே வாய் திறக்காத விஷயத்தைக் கோப்பு எண்ணின் முதல் எழுத்துகள் ஓரளவு சொல்லிவிடும். நிராகரித்த விண்ணப்பங்கள் இன்னும் கனமானவை, ஏனென்றால் மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் விரித்து எழுதுவார்கள். இறந்தவரின் பெற்றோர் கொடுத்த கோப்புகளில் வீட்டு வருமானம், பிள்ளைகள் எத்தனை, எத்தனை ஏக்கர் என்றுகூட இருக்கும். கோப்புகளைத் தவணை தவணையாகத்தான் வெளியிடுகிறார்கள். இன்று பெயர் இல்லையென்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, அடுத்த வெளியீட்டில் மறுபடி பாருங்கள்.

அதே காப்பகத்தில் ஐஆர்ஏ பெயர்ப் பட்டியல்கள் உண்டு, 1921 ஜூலை 11 போர்நிறுத்த நாளுக்கு ஒன்று, 1922 ஜூலை 1-க்கு ஒன்று. ஒரே ஊருக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் பிரிந்தார்கள் என்று தெரியும். ஆனால் இவை 1930-களில் ஞாபகத்திலிருந்து எழுதியவை, பெயர் விடுபடும், எழுத்து மாறும். அதைச் சரிபார்க்க 1922 நவம்பர் 12-13 இரவில் எடுத்த தேசியப் படையின் சென்சஸ் உதவும். வீட்டு முகவரியும் நெருங்கிய உறவினர் பெயரும் அதில் இருக்கும். சம்பவங்களைத் தெரிந்துகொள்ள 1947 முதல் 1957 வரை பதிவுசெய்த 1,773 சாட்சி வாக்குமூலங்கள் இருக்கின்றன. உங்கள் ஆள் வாக்குமூலம் கொடுக்காவிட்டாலும் அடுத்த டவுன்லேண்ட்காரர் கொடுத்திருப்பார், ஆள் பெயரோடு ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

எந்தப் பக்கமும் சேராதவர்களுக்கும் காகிதம் உண்டு. 1916 எழுச்சியில் கடை எரிந்தவர்கள், கண்ணாடி உடைந்தவர்களின் நஷ்டக் கோரிக்கைகள் டப்ளின் தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரிட்டனுக்கு விசுவாசமாக இருந்ததால் நஷ்டப்பட்டவர்கள் கேட்டவை கியூவில் ‘சிஓ 762’. 1920 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு பல இடங்களில் மரண விசாரணையை ராணுவ விசாரணை மன்றமே நடத்தியது, அதனால் துப்பாக்கிச் சாவுகள் மாதக்கணக்கில் தாமதமாகப் பதிவாகியிருக்கும். இறந்த மாதத்தில் இல்லையென்றால் ஓராண்டு தள்ளிப் பாருங்கள். விசாரணைக் காகிதம் கியூவில் ‘டபிள்யூஓ 35’.

முதல் உலகப் போரில் பிரிட்டன் படைக்குப் போனவர்களின் பணிக்கோப்பில் பெரும்பங்கு 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து எரிந்தது. பதக்க அட்டைகள் மிஞ்சின, அதில் ரெஜிமென்ட் தெரியும். இங்கே சென்னைக்காரியான எனக்கு ஓர் அதிர்ச்சி: ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாளம் 1881 வரை ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸாக இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனி நம் ஊரில் கட்டிய படை. 1922-ல் கலைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டு ஐரிஷ்காரர் அதற்கு முந்தைய தலைமுறை என்றால், சென்னையில் நடந்த ஞானஸ்நானமும் திருமணமும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் ‘என்/2’ வரிசையில் இருக்கும், அயர்லாந்தில் தேட வேண்டாம்.

குடும்பம் இப்போதைய எல்லைக்கு வடக்கே என்றால் ஒரு எச்சரிக்கை. 1921 முடிய முப்பத்திரண்டு கவுண்டிக்கும் ஒரே பதிவு, டப்ளின் தளத்திலேயே கிடைக்கும். 1922 முதல் ஆறு கவுண்டிக்கு பெல்ஃபாஸ்ட் அலுவலகம், அங்கே பார்க்கச் சிறு கட்டணம். டோனிகால், கேவன், மோனகன் மூன்றும் அல்ஸ்டர் என்ற வடக்கு மாகாணம்தான், ஆனால் தெற்கில் சேர்ந்தவை. இன்னொன்று, காசு கட்டும் வம்சாவளித் தளங்களுக்கு ஆண்டுச் சந்தா வேண்டாம். எனக்குத் தானாகவே புதுப்பித்துக்கொண்டு 180 யூரோ போனது. டப்ளின் பிஷப் தெருவில் தேசியக் காப்பக வாசிப்பறையில் பல தளங்களை இலவசமாகப் பார்க்கலாம். கில்டேர் தெரு தேசிய நூலகத்தில் வம்சாவளி ஆலோசகர்கள் காசில்லாமல் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். முதல் வாரமே அங்கே போங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் ‘எந்தப் பக்கம் இருந்தார்கள்?’ என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், என் மாமியார் டீ கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், இரண்டு மாதம் அந்தப் பேச்சே இல்லை. பூசைப் புத்தகத்துக்குள் சொருகி வைத்திருக்கும் இறந்தோர் நினைவு அட்டைகளைக் கேளுங்கள், கல்யாணப் படத்தில் யார் யார் என்று கேளுங்கள், யார் சாவுக்கு யார் வரவில்லை என்பது தானாக வரும்.

கடைசியில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது 1911 படிவத்துக்காக. அது அவருடைய தாத்தா தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட்டது. அந்த ஆண்டுப் படிவத்தில் மணமான பெண்களுக்கு மட்டும் மூன்று கட்டம்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்தவை எத்தனை, இப்போது இருப்பவை எத்தனை. பிறந்தவை 9, இருப்பவை 6 என்று இருந்தது. ‘மூன்று பேர் யார்?’ என்றார். அவருக்குத் தெரிந்தது ஆறு பேர்தான். இதற்கு வழி இருக்கிறது. பிறப்புத் தேடலில் முதல் பெயரைக் காலியாக விட்டு, குடும்பப் பெயரும் பதிவு மாவட்டமும் மட்டும் கொடுத்து, மணமான ஆண்டிலிருந்து 1911 வரை வரும் எல்லாப் பதிவையும் திறங்கள். டவுன்லேண்டும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஒத்தால் எடுத்து வைத்து, ஆறு பேரைக் கழியுங்கள். மிஞ்சுபவற்றை இறப்புப் பதிவில் பாருங்கள். இரண்டு மாலை ஆனது. மேரி, பதினெட்டு மாதம், கக்குவான். பேட்ரிக், நான்கு வயது. மூன்றாவதற்குப் பதிவேட்டில் பெயரே எழுதவில்லை, ‘பெண்’ என்று மட்டும் இருந்தது, தகவல் தந்தவர் கட்டத்தில் அந்தத் தாத்தாவின் பெயர், படிவத்தில் இருந்த அதே பெயர்.